அக்காவின் ஆசீர்வாதத்துக்கு நான் போட்ட மார்க்

அந்த யோசனை எனக்கு வந்தது மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், நான் வேலை பார்க்கும் மாத்திரை கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு அறையில், ஒரு புதன்கிழமை பதினொன்றரை மணிக்கு. ஜுர மாத்திரை ஒரு தொகுதி அன்று வெளியே போக வேண்டும். அதற்கான கோப்பு என் மேசையில் இருந்தது. நாற்பது பக்கம். எடை எவ்வளவு, அழுத்தினால் எப்போது உடைகிறது, தண்ணீரில் எத்தனை நிமிடத்தில் கரைகிறது, யார் சோதித்தார், யார் சரிபார்த்தார். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தபோதுதான் உறைத்தது. ஒரு மாத்திரைக்கு நாற்பது பக்கம் படிக்கிறேன். என் பெயரைச் சொல்லி, என் வாழ்நாள் முழுவதற்குமாக எனக்குக் கிடைத்த இரண்டு பக்கத்தை மூன்று தடவை படித்துவிட்டு, பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டேனே.

அந்த இரண்டு பக்கம் என்னுடைய கோத்திரப்பிதா ஆசீர்வாதம்.

மார்மன் சபையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் சபையில் கோத்திரப்பிதா என்று ஒருவர் இருப்பார், பல ஊர்களின் கிளைகளுக்கும் சேர்த்து ஒருவர். அவரிடம் ஆசீர்வாதம் வாங்குவது பொதுவாக வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. அதற்கு முன் உள்ளூர்க் கிளைத் தலைவர் நம்மிடம் உட்கார்ந்து பேசி, சிபாரிசு தர வேண்டும். கோத்திரப்பிதா நம் தலையில் இரண்டு கையையும் வைத்து, நமக்கென்று தன் மனதில் எழுவதைச் சொல்லி ஆசீர்வதிப்பார். பழைய இஸ்ரவேலின் எந்தக் கோத்திரத்தின் வழியாக நாம் எண்ணப்படுகிறோம் என்று அறிவிப்பார். பிறகு வரங்கள், எச்சரிக்கைகள், வாக்குறுதிகள். எல்லாவற்றையும் பதிவு செய்து, தட்டச்சு செய்து, ஒரு பிரதி நமக்கு, இன்னொன்று சபையின் ஆவணத்துக்கு. குறி சொல்வதல்ல இது. நீ உண்மையாக நடந்தால் உனக்கு இதெல்லாம் உண்டு என்று கடவுள் தனித்தனியாகப் பேசுகிறார் என்பது எங்கள் நம்பிக்கை. சிலது இந்த வாழ்க்கையில் நடக்காமல் அடுத்ததில் நடக்கலாம் என்றும் சொல்லித்தான் தருவார்கள்.

நான் அக்காவோடு பெங்களூருக்குப் பஸ்ஸில் போய் வாங்கி வந்தேன். வழியெல்லாம் பேசிக்கொண்டே போனேன். அந்தப் பெரியவர் என் தலையில் கை வைத்ததும் பேச்சு நின்றது. கை கனமாக இருந்ததும், அவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் சற்றுக் காத்திருந்ததும் நினைவிருக்கிறது. வெளியே வந்ததும், அடுத்த தெருவில் தோசை எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையும் நினைவிருக்கிறது. விரதம் இருந்துவிட்டுப் போயிருந்தோம், பசிக்காதா?

பிரதி வந்து சில மாதங்கள் சும்மா இருந்தது. அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு சும்மா இருக்கவில்லை. நான் புள்ளியியல் படித்தவள். எதையாவது கட்டம் போட்டுப் பிரிக்காவிட்டால் எனக்குப் புரிந்த மாதிரியே இருக்காது. லேப்டாப்பில் கட்டம் போட்ட ஒரு தாள் திறந்தேன். முதல் பத்தி கோத்திரம். அடுத்து வரங்கள், எச்சரிக்கைகள், வாக்குறுதிகள், கட்டளைகள். எதிலும் சேராததற்கு ‘இதர’ என்று ஒரு பத்தி. எந்தச் சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினேன். நடந்துவிட்ட வாக்குறுதிக்குப் பச்சை, நடக்காததற்கு மஞ்சள். ஒரே வாரத்தில் என் தாள் பிரமாதமாக இருந்தது. ஆனால் ஒரே ஒரு மாதிரியை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும்? இன்னும் நாலைந்து வேண்டும்.

எங்கள் கிளை சின்னது. ஒரு கட்டடத்தின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை கூடுவோம். பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பவர்களில் ஆசீர்வாதம் வாங்கியவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. ஒவ்வொருவராகக் கேட்டேன். பள்ளிக்கூட ஆசிரியையான சபைப் பெண்மணி ஒருவர், “யாருக்காவது வந்த லெட்டரை வாங்கிப் படிப்பியாம்மா நீ?” என்று கேட்டுவிட்டுப் பாட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டார். கிளைத் தலைவர் பொறுமையாகச் சொன்னார். நெருங்கின குடும்பத்துக்குள் பகிர்ந்துகொள்ளலாம், அதுவும் மனசு சொன்னால். மற்றவருடையதோடு ஒப்பிட மட்டும் வேண்டாம். நானும் தலையாட்டினேன். மாத்திரை அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் எச்சரிக்கையைப் படிக்கிற மாதிரிதான் அதைக் கேட்டுக்கொண்டேன்.

அக்காவிடம் கேட்டேன். அவளுக்கு என்னைவிட இரண்டு வருடம் முன்னாலேயே கிடைத்துவிட்டது. தாளைத் தர மறுத்துவிட்டாள். ஆனால் இருவரும் மாடியில் துணி காயப்போடும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். எப்பிராயீம் கோத்திரம் என்றாள். பொறுமையைப் பற்றி ஒரு வரி, குழந்தைகளைப் பற்றி ஒரு வரி. “இத உன் கட்டத்துல போடாதடி” என்றாள். நான் போட்டேன்.

அக்காவைக் கட்டிக்கப் போகிறவரிடமும் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. மறு வாரமே ஒரு பழுப்பு உறையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். “நீ என் வூட்டு ஆளுதானே. படிச்சிட்டுக் குடு” என்றார். அவரும் எப்பிராயீம்.

இந்தக் கல்யாணத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நாங்கள் வில்லியனூருக்கு அந்தப் பக்கம் நிலம் வைத்திருக்கிற குடும்பம். வீடு இப்போது மூலக்குளத்தில். அப்பா காலையில் பைக்கில் வயலுக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்புவார். அக்காவும் நானும் கல்லூரிக் காலத்தில் ஒருவர் பின் ஒருவராக சபையில் சேர்ந்தோம். அம்மா, அப்பா சேரவில்லை. மாப்பிள்ளை டவுனில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. அவரும் தனியாகத்தான் எங்கள் சபைக்கு வந்தார். ஆக, மதம் வேறு, சாதி வேறு, இரண்டு வீட்டுக்கும் தெரியாத மூன்றாவது ஒரு சபை வேறு. அம்மா இரண்டு வருடம் முடியாது என்றாள். பிறகு அவளுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. அவர் விடுப்புப் போட்டுவிட்டுக் காலையிலிருந்து சாயங்காலம் வரை வார்டு வாசலில் நின்றார். அம்மா கட்டுப் பிரித்த பிறகு முதலில் பார்த்த ஆட்களில் அவரும் ஒருவர். அதன் பிறகு முடியாது என்ற வார்த்தை மெல்ல மெல்ல நின்றுபோனது.

அம்மாவுக்கு எங்கள் மதத்தில் பிடித்த ஒரே விஷயம் விரதம். மாதத்தின் முதல் ஞாயிறு நாங்கள் இரண்டு வேளை சாப்பிடாமல் இருப்பதைப் பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்வாள். பிடிக்காத விஷயம், காபியும் டீயும் தொடமாட்டோம் என்பது. பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காபி கொடுக்காமல் வேறு என்னத்தைக் கொடுப்பது என்று அவளுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. மாப்பிள்ளைக்குப் பன்னீர் சோடா, அவருடைய அம்மாவுக்குக் காபி என்று கடைசியில் முடிவானது.

பூ வைக்க நாள் குறிக்கும் பேச்சுக்கு அவர்கள் ஒரு சனிக்கிழமை காலை வந்தார்கள். அவரும் அவருடைய அம்மாவும் மட்டும். அந்த அம்மா கலகலப்பானவர். பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் பதிகிற நகராட்சி ஆபீசுக்கு அந்தக் குடும்பத்தில் இன்னும் பிரெஞ்சுக்காரர் காலத்து ‘எத்தாசிவில்’ என்றுதான் பெயர். அங்கே பதிவு செய்ய என்னென்ன தாள் வேண்டும் என்று ஒரு பட்டியலே மனப்பாடமாக ஒப்பித்தார். என் அம்மாவை வாய் நிறைய சம்மந்தியம்மா என்று கூப்பிட்டார். என் அம்மாவும் சிரித்தாள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

நடுவில் பேச்சு கொஞ்சம் ஓய்ந்தது. ஓய்ந்தால் ஓய்ந்துவிட்டுப் போகட்டும் என்று இருக்க எனக்குத் தெரியாது. ஜாதகம் பார்க்கவில்லையே என்று அப்பா சொன்னது, சும்மா, எதையாவது சொல்ல வேண்டுமென்று சொன்னதுதான். நான் பிடித்துக்கொண்டேன். ஜாதகம் எதுக்குப்பா, அதைவிடப் பெரிய பொருத்தம் நான் பார்த்து வைத்திருக்கிறேன் என்று ஆரம்பித்தேன். இரண்டு பேருடைய ஆசீர்வாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மார்க் போட்டதைச் சொன்னேன். பத்துக்கு எட்டு. பொறுமையில் பொருத்தம், சேவையில் பொருத்தம். அக்கா கண்ணால் என்னைத் தடுத்துக்கொண்டிருந்தாள் என்பது இப்போது யோசித்தால் தெரிகிறது. அப்போது நான் உச்சிக்குப் போய்க்கொண்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் மேலே, இரண்டு பேரும் ஒரே கோத்திரம், ஒரே வம்சம் என்றேன். பரிசு அறிவிக்கிற மாதிரி.

அம்மா கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

“இன்னாடி சொன்ன? ஒரே வம்சமா?”

ஆமாம்மா, எப்பிராயீம் என்றேன். இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

“அப்போ பங்காளி ஆவுதே” என்றாள் அம்மா. என்னிடம் இல்லை, அப்பாவிடம். “அண்ணன் தங்கச்சி மொறையில்ல வருது.”

மாப்பிள்ளையின் அம்மாதான் சமாளிக்கப் பார்த்தார். “எங்க கோயில்ல மூணு ஞாயித்துக்கெழம ஓல வாசிப்பாங்க, இந்தக் கல்யாணத்துக்குத் தடை இருந்தா வந்து சொல்லுங்கன்னு. உங்க சின்ன பொண்ணு மூணு நிமிஷத்துல வேலைய முடிச்சிட்டா” என்றார். அப்பா மட்டும் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. நாள் குறிப்பதை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று மரியாதையாகச் சொன்னாள். மாப்பிள்ளை சோடாவை முழுதாகக் குடித்து முடித்துவிட்டு, தம்ளரைத் தானே உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

கதவு சாத்தியதும் அக்கா என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. “அத உன் கட்டத்துல போடாதன்னு சொன்னேன்ல” என்று மட்டும் கேட்டாள். அதற்கு மேல் நாலு நாள் எங்களுக்குள் உப்பு எடு, சாவி எங்கே தவிர வேறு பேச்சில்லை.

அம்மா வீம்புக்குச் சொல்கிறாள் என்றால் சண்டை போடலாம். அவள் பயந்துபோயிருந்தாள். அவள் பிறந்த ஊரில், அவளோடு நாற்று நட்ட சிநேகிதி ஒருத்திக்குக் கல்யாணம் முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் இரண்டு வீட்டுக்கும் ஒரே குலசாமி என்று தெரிந்ததாம். ஒரே குலசாமியைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். பங்காளிக்குள் பெண் எடுக்கக் கூடாது. அந்தச் சிநேகிதியின் வீட்டு விசேஷத்துக்கு அதன் பிறகு யாரும் போகவில்லை. குழந்தைக்கு மொட்டை அடிக்கும்போது மடியில் உட்காரவைக்கத் தாய்மாமன்கூட வரவில்லை. அம்மா அதை நேரில் பார்த்தவள். மதம் வேறு, சாதி வேறு என்பதையெல்லாம் விழுங்கியவளுக்கு இது மட்டும் தொண்டையில் நின்றது.

நான் சும்மா இருப்பேனா? என் தப்பை என் அறிவை வைத்தே சரிசெய்துவிடலாம் என்று கிளம்பினேன். திங்கட்கிழமை, இது ரத்த வம்சம் இல்லை, ஆன்மிக வம்சம் என்றேன். அப்படியானால் பெங்களூர் பெரியவர் எதற்காக அந்தப் பெயரைச் சொன்னார் என்றாள் அம்மா. செவ்வாய்க்கிழமை, சபைக்கு வெளியிலிருந்து வருகிறவர்களை அந்தக் கோத்திரத்துக்குள் கடவுள் சேர்த்துக்கொள்கிறார், தத்து எடுப்பது மாதிரி என்றேன். அந்தக் கோத்திரத்தின் முதல் ஆளே தாத்தாவால் மகனாக ஏற்றுக்கொள்ளப்பட்ட பேரன்தான் என்று வேதத்திலிருந்து கதையையும் சொன்னேன். என் வாதங்களிலேயே சிறந்தது என்று நான் நினைத்தது அதுதான். அம்மா முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே கேட்டாள்.

“ரெண்டு புள்ளைய ஒரே வூட்ல தத்து எடுத்தா, அதுங்க ரெண்டும் அண்ணன் தங்கச்சி இல்லாம வேற இன்னாடி?”

நாற்பது பக்கக் கோப்பில் ஓட்டை கண்டுபிடிக்கிறவள் நான். என் அம்மா ஒரே கேள்வியில் என் கோப்பை மூடிவிட்டாள்.

புதன்கிழமை மத்தியானம் அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு, பழுப்பு உறையைத் திருப்பிக் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். எக்ஸ்ரே அறை வாசலில் வரிசை நீளமாக இருந்தது. அவர் வெளியே வந்து உறையை வாங்கிக்கொண்டார். உங்களைக் கேட்காமல் இரண்டு வீட்டுக்கு நடுவில் வைத்துப் படித்துவிட்டேன், மன்னிச்சிடுங்க மாமா என்றேன். அவர் வரிசையில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“நான் ஒரு நாளைக்கி நூறு பேரு எலும்பப் பாக்குறேன். எலும்பு தெரியும். அந்தாளு வூட்ல இன்னா நடக்குதுன்னு படத்துல தெரியாது. நீ எங்க ரெண்டு பேருக்கும் எக்ஸ்ரே எடுத்துட்ட, அவ்ளோதான்.” உள்ளே போகும்போது திரும்பி, “பத்துக்கு எட்டு எப்பிடி வந்துச்சு? ரெண்டு மார்க்கு எதுல கொறச்ச?” என்றார். சொல்லமாட்டேன் என்றேன். எழுதவும் மாட்டேன்.

அன்று வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் இருந்த அந்தத் தாளை அழித்தேன். என்னுடைய பத்திகளையும் சேர்த்து. பிறகு அக்காவிடம் போய், அழித்துவிட்டேன் என்று சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழித்துவிட்டேன் என்பதே பெரிய தியாகமாகத் தோன்றியது. அவளுக்கு அப்படித் தோன்றவில்லை.

“நீ அம்மாகிட்ட என் தாள்ல பாதியக்கூட சொல்லல. பேரு மட்டும் சொன்ன” என்றாள். “மீதிய நானே சொல்லிக்கிறேன்.”

அந்த வார ஞாயிறு விரத ஞாயிறு. கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். மத்தியானம் மூன்று மணி இருக்கும். அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். அம்மாவும் எங்களோடு சேர்ந்து காலையிலிருந்து சாப்பிடவில்லை. நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை, அவளாகவே. அக்கா பீரோவைத் திறந்து தன் தாளை எடுத்து வந்து அம்மாவின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். இது எனக்குன்னு சொன்னது, உனக்குப் படிச்சுக் காட்டணும்னு தோணுது என்றாள். என்னை வெளியே போகச் சொல்வாள் என்று எதிர்பார்த்து எழுந்தேன். உட்காரச் சொன்னாள்.

தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அக்கா ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதுக்குள் படித்துவிட்டுத் தமிழில் சொன்னாள். சரளமாக வரவில்லை. ஒரு சொல்லுக்காக நிறுத்துவாள், வேறு சொல் போட்டுப் பார்ப்பாள், இல்ல அது இல்ல என்று திரும்பப் போவாள். அவள் என்னவெல்லாம் சொன்னாள் என்பதை எழுதப்போவதில்லை. அவளிடம் அனுமதி கேட்டு, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். அவளைச் சுமந்து பெற்ற தாயின் வேண்டுதல்களைக் கடவுள் கேட்டிருக்கிறார் என்று அதில் ஒரு இடம் வருகிறது. சபையில் சேராத தாய் என்றோ, வேறு சாமியிடம் வேண்டிக்கொண்டவள் என்றோ அதில் எந்த ஒதுக்கலும் இல்லை. கேட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

அம்மா அந்த இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள்.

“என்னப் பத்தி அந்தாளுக்கு யாரு சொன்னது?”

யாரும் சொல்லவில்லை என்றாள் அக்கா. பெங்களூரில் அவர் கேட்டது பெயரும் ஊரும் படிப்பும்தான். அம்மா அதைத் திரும்பப் படிக்கச் சொன்னாள். அக்கா திரும்பச் சொன்னபோது முதலில் சொன்ன சொற்கள் அப்படியே வரவில்லை, ஆனால் இந்தத் தடவை இன்னும் தெளிவாக இருந்தது. அம்மா புடவை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அக்கா பிறப்பதற்கு முன் இரண்டு குழந்தைகள் தங்காமல் போனதும், மூன்றாவது தங்க வேண்டும் என்று அவள் எங்கெங்கோ வேண்டிக்கொண்டதும் எங்களுக்குத் தெரியும். ஆனால் அவள் அதைப் பற்றி வாய் திறந்து பேசி நான் கேட்டதில்லை. அன்றும் பேசவில்லை.

அக்கா கடைசி வரை படித்தாள். கோத்திரம் வந்த இடத்தையும் விடாமல் படித்தாள். மொத்தத்தில் அது ஒரே ஒரு வாக்கியம். நான் அதை முதல் பத்தியில், தடித்த எழுத்தில் வைத்திருந்தேன்.

அம்மா என்னிடம் திரும்பினாள்.

“உங்க மாடியில அத்தினி பேரு வரீங்களே. எல்லாருக்கும் இதே பேருதானா?”

நிறையப் பேருக்கு இதுதான், சிலருக்கு வேற என்றேன். எனக்குமே இதுதான் என்றேன்.

“அமெரிக்காக்காரனுக்கு?”

அவங்கள்ளயும் நிறையப் பேருக்கு இதுதான்.

“ஆப்பிரிக்காக்காரனுக்கு?”

இருக்கும்மா.

அம்மா யோசித்தாள். அவள் யோசிக்கும்போது நெற்றியில் விரலால் தட்டிக்கொண்டே இருப்பாள். பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னாள், எங்களைப் பார்த்து இல்லை.

“அப்போ இது குலசாமி இல்லிங்க. ஊர்ச் சாமி. நம்ம ஊரு மாரியாத்தாள எல்லாத் தெருவுந்தானே கும்புடுது? அதுக்காவ ஊருக்குள்ள பொண்ணு எடுக்காமயா இருக்காங்க?”

அப்பா எழுந்து உட்கார்ந்தார். அவர் அந்த ஒரு வாரமாக இதற்காகத்தான் காத்திருந்தார் போல. “அதத்தான் நானும் நெனச்சேன்” என்றார். நிச்சயமாக நினைத்திருக்கமாட்டார்.

என் வாய் திறந்தது. ஊர்ச் சாமி என்பது சரியான விளக்கம் இல்லை. கோத்திரம் என்பது உடன்படிக்கை, பொறுப்பு, உலகத்துக்கெல்லாம் ஆசீர்வாதம் போய்ச் சேர வேண்டிய வழி. இதைச் சொல்ல எனக்கு மூன்று நிமிடம் போதும். அக்கா என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் கண் சொன்னது எனக்கு உடனே விளங்கியது. வாயை மூடிக்கொண்டேன். உலகத்துக்கெல்லாம் போய்ச் சேர வேண்டியது என்பதை அம்மா, அமெரிக்கா ஆப்பிரிக்கா என்று கேட்டுத் தானாகவே கிட்டத்தட்டப் பிடித்துவிட்டாள் என்பதும் அப்புறம்தான் எனக்குத் தோன்றியது.

சாயங்காலம் விரதம் முடித்தோம். கஞ்சியும் துவையலும். சாப்பிட்டுக் கை கழுவியதும் அம்மா போனை எடுத்து மாப்பிள்ளையின் அம்மாவைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. வைகாசியில் இரண்டு நாள் சொன்னார்கள். அம்மா முதல் நாளையே எடுத்துக்கொண்டாள். ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள், முதல் பத்திரிகையை எங்கள் குலசாமி கோயிலில் வைப்பாள், யாரும் குறுக்கே பேசக் கூடாது. அதற்கு அந்த அம்மா, நீங்க உங்க சாமிகிட்ட வைங்க, நான் எங்க மாதாகிட்ட வைக்கிறேன், புள்ளைங்க அவங்க மாடியில வெச்சிக்கட்டும் என்றாராம். போனை வைத்துவிட்டு அம்மா அதை எங்களுக்கு இரண்டு தடவை சொல்லிக் காட்டினாள்.

அக்கா அன்று என்னை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் மறுநாள் காலை பஸ் ஸ்டாப்புக்கு இருவரும் சேர்ந்து நடந்தோம். வழியில் அவள் சொன்ன ஒரு விஷயம்தான் இப்போது என்னை விடாமல் அரித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு வருடத்துக்கு மேலாக அந்தத் தாளை வைத்திருக்கிறேன், அம்மாவுக்காகத் தமிழில் சொன்னபோதுதான் எனக்கே அது கேட்டது என்றாள். ஒவ்வொரு சொல்லிலும் நிற்க வேண்டியிருந்ததாம். நின்ற இடத்தில்தான் ஏதோ இருந்ததாம்.

நான் என்னுடையதில் எங்கேயும் நின்றதில்லை. எண்ணியிருக்கிறேன். இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து அம்மா சாதாரணமாகக் கேட்டாள், “உன்னுதுல என்னப் பத்தி இன்னா போட்டிருக்கு?” என்று. எந்தச் சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணியவளுக்கு, அதில் தன் அம்மா இருக்கிறாளா என்று நினைவில்லை. ஓடிப்போய் எடுத்துப் பார்த்தேன். இருக்கிறாள். அப்பாவும் இருக்கிறார். அழித்த தாளில் இரண்டு பேரையும் நான் ‘இதர’ பத்தியில் போட்டிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அதனால் இப்போது செய்யப்போவது இது. ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கியிருக்கிறேன். என்னுடைய ஆசீர்வாதத்தைத் தமிழில் எழுதப்போகிறேன், கையால், போனில் எதையும் தட்டிப் பார்க்காமல். ஒரு ஞாயிறுக்கு ஒரே ஒரு வாக்கியம். மொத்தம் முப்பத்தொன்று இருக்கிறது, அடுத்த வருடத்துக்குள் முடியும். எனக்கு இருக்கிற அவசரத்துக்கு ஒரு வாக்கியத்தோடு நிறுத்துவது எழுதுவதைவிடக் கஷ்டம் என்று எனக்கே தெரியும். நிறுத்த முடியாவிட்டால் நோட்டைப் பிடுங்கிக்கொள்ளும்படி அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கல்யாணம் ஆகிப் போகிற வரைக்கும்தான் அவள் பிடுங்க முடியும், அதற்குப் பிறகு நானேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வருகிற ஞாயிறு முதல் வாக்கியம். எழுதி முடித்ததும் அம்மாவுக்குப் படித்துக் காட்டப்போகிறேன். அவள் கேட்டால் மட்டும். கேட்பதாகத்தான் சொல்லியிருக்கிறாள், மூன்று மணிக்கு மேல், பாத்திரமெல்லாம் கழுவி வைத்த பிறகு.